வீடு முழுவதும் சுத்தமான காற்று! எந்திரம் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை நெருங்கியதும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சில நிமிஷங்களில் பஸ் அந்த இடத்தைக் கடந்துவிடும். கைக்குட்டை மறுபடியும் பைக்குள் போய்விடும்.

அங்கேயே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, சங்கொலிக்குப்பம் முதலிய ஊர்கள் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கின்றன. 1980-களில் ரசாயன ஆலைகள் வந்த பிறகு, அந்த ஊர்களில் வாடை என்பது அன்றாடக் கதை ஆயிற்று. ஒரு நாள் அழுகிய முட்டை வாடை. இன்னொரு நாள் நகப்பூச்சு வாடை. கண் எரியும். தொண்டை கரகரக்கும்.

"வாடை அடிக்கிறது" என்று புகார் சொன்னால், "எந்த வாயு? எவ்வளவு? ஆதாரம் என்ன?" என்று கேள்வி வரும். காற்றைக் கையில் பிடித்துக் காட்ட முடியுமா?

முடியும் என்று காட்டினார்கள் அந்த ஊர்க்காரர்கள். அதுவும் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டு!

வாளிக்குள் பிடித்த காற்று

அந்த வாளி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1990-களில் உருவானது. அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே வசித்த மக்களுக்காகச் செய்தார்கள்.

அமைப்பு எளிமையானது. மூடி போட்ட வாளி. அதற்குள் ஒரு விசேஷமான பிளாஸ்டிக் பை. பையின் வாய் குழாய் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். சிறிய பம்பு, வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும். உடனே வெளிக்காற்று பைக்குள் புகுந்து பை உப்பும். வால்வை மூடிவிட்டால், அந்த நேரத்து வாடை பைக்குள் சிறைப்பட்டுவிடும். பையை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் என்னென்ன வாயுக்கள் இருக்கின்றன என்று சொல்லிவிடுவார்கள்.

2004-ம் ஆண்டு மார்ச் மாதம், சிப்காட் பகுதி மக்கள் இந்த வாளியில் காற்றைப் பிடித்தார்கள். வாடை வந்த நாள், நேரம், காற்று வீசிய திசை எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். காற்று நிரம்பிய பைகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. அதே ஆண்டு செப்டம்பரில் முடிவு அறிக்கையாக வெளிவந்தது. காற்றில் 22 ரசாயனங்கள் இருந்தன. அவற்றில் சில, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை.

பிறகு அரசு அமைப்புகளும் அளந்து பார்த்தன. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கோரிக்கைப்படி, நாகபுரியில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையமான "நீரி" ஆய்வு நடத்தியது. அந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் ஆபத்து 2000 மடங்கு அதிகம் என்று, அந்த அறிக்கையை ஆதாரமாகக் காட்டி 2008-ல் செய்திகள் வந்தன. 2009-ல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் தொழில் பகுதிகளுக்கு மார்க் போட்டது. 70-க்கு மேல் வாங்கினால் "மிக மோசமாக மாசுபட்ட பகுதி" என்று பொருள். கடலூர் வாங்கிய மார்க் 77.45!

பள்ளிக்கூடத்தில் இவ்வளவு மார்க் வாங்கினால் மிட்டாய் கொடுக்கலாம். இந்தப் பரீட்சையில் அதிக மார்க் வாங்கினால் அழத்தான் வேண்டும்.

ஒரு வீட்டில் ஒரு பேச்சு

கடலூர் முதுநகரில் ஒரு குடும்பம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, ஆறு வயதுப் பெண் குழந்தை. குழந்தைக்கு இரவில் இளைப்பு வருகிறது. சிதம்பரத்தில் இருந்து பாட்டி வந்திருக்கிறார்.

"என்னங்க, வீடு முழுக்கக் காற்றைச் சுத்தம் செய்கிற எந்திரம் வந்திருக்கிறதாமே? சீட்டுப் பணம் வந்ததும் வாங்கிவிடலாமா?" என்கிறாள் மனைவி.

"வாங்கலாம். ஆனால் மூலையில் இருக்கிற ஒரு பெட்டி வீடு முழுக்க எப்படிச் சுத்தம் செய்யும்?" என்கிறான் கணவன்.

"எங்கள் காலத்தில் முற்றம் இருந்தது. காற்று வந்தது, போனது. எந்திரம் எதற்கு?" என்கிறார் பாட்டி.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்திரத்துக்குள் என்ன இருக்கிறது?

ஒரு மனிதன் ஒரு நாளில் 10 ஆயிரம் லிட்டருக்கு மேல் காற்றைச் சுவாசிக்கிறான். அதில் தூசி வரும், புகை வரும், வாயுவும் வரும்.

தூசியிலும் புகையிலும் மிக நுண்ணிய துகள்கள்தான் ஆபத்தானவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நமது தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள், மூக்கின் காவலைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்விடும். இதைத்தான் "பி.எம். 2.5" என்கிறார்கள்.

இந்தத் துகளைப் பிடிப்பது "ஹெப்பா" என்ற வடிகட்டி. இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவில் அணுகுண்டு வேலை நடந்த இடங்களில் கதிரியக்கத் தூசியைத் தடுப்பதற்காக இது உருவாயிற்று. நுண்ணிய இழைகளால் ஆன தாளை விசிறி மடிப்பாக மடித்து வைத்திருப்பார்கள். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 100-க்கு 99.97 பங்கைப் பிடித்துவிடும்.

ஆனால் வாயு, ஹெப்பாவுக்குள் புகுந்து போய்விடும். கொசுவலையில் புகை புகுந்து போவது போல!

வாயுவைப் பிடிக்க வேறு ஆள் வேண்டும். அதுதான் ஊக்கமேற்றிய கரி. தேங்காய்ச் சிரட்டையை எரித்துக் கரியாக்கி, அதிக வெப்பத்தில் நீராவி செலுத்தினால், கரிக்குள் கோடிக்கணக்கான நுண்துளைகள் உண்டாகும். வாயு அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். முதல் உலகப் போரில் விஷவாயுவுக்கு எதிராகப் போர்வீரர்கள் அணிந்த முகமூடிகளில் இதே சிரட்டைக் கரி இருந்தது. இன்று தமிழ்நாட்டிலேயே இந்தக் கரி தயாராகிறது.

"வீடு முழுவதும்" என்பது என்ன?

அமெரிக்கா போன்ற நாடுகளில் பல வீடுகளில் ஒரே குளிர்சாதன எந்திரம் இருக்கும். தகரக் குழாய்கள் வழியாக அது எல்லா அறைகளுக்கும் காற்றை அனுப்பும். அறைகளின் காற்று இன்னொரு குழாய் வழியாக எந்திரத்துக்குத் திரும்பி வரும். திரும்பி வரும் அந்தக் குழாயில் வடிகட்டியைப் பொருத்திவிட்டால், வீட்டுக் காற்று முழுவதும் அதன் வழியாகப் போய்த்தான் தீரவேண்டும். இதுதான் உண்மையான "வீடு முழுவதும்" சுத்தம் செய்யும் கருவி.

நமது வீடுகளில் இப்படிப்பட்ட குழாய் இல்லை. சுவரில் மாட்டும் ஏ.சி., அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. அதில் உள்ள வலை பெரிய தூசியை மட்டுமே பிடிக்கும்.

ஆகவே, மூலையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு "வீடு முழுவதும் சுத்தம்" என்று யாராவது சொன்னால், உடனே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு இதோ!

அறையின் நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. மூன்றையும் பெருக்கினால் 1200 கன அடி. இளைப்பு உள்ளவர்கள் படுக்கும் அறையில், மணிக்கு 5 தடவையாவது காற்று முழுவதும் வடிகட்டி வழியாகப் போய்வருவது நல்லது. அப்படியானால் மணிக்கு 6000 கன அடி. 60-ல் வகுத்தால் நிமிஷத்துக்கு 100 கன அடி. மெட்ரிக் கணக்கில் மணிக்கு 170 கன மீட்டர்.

எந்திரத்தின் அட்டைப் பெட்டியில் "சி.ஏ.டி.ஆர்." என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். சுத்தமான காற்றை எவ்வளவு வேகத்தில் தருகிறது என்பதே அந்த எண். அது 170-க்குக் குறைந்தால் இந்த அறைக்கு அந்த எந்திரம் போதாது.

இதே கணக்கை 1000 சதுர அடி வீட்டுக்குப் போடுங்கள். நிமிஷத்துக்கு 833 கன அடி வேண்டும். அதாவது, அந்த அறைக்குச் சரியாக இருக்கும் எந்திரத்தைப் போல 8-க்கும் மேற்பட்ட எந்திரங்கள்!

கணவன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஒரு பெட்டி, ஒரு வீட்டைச் சுத்தம் செய்யாது. ஆனால் ஒரு அறையை நன்றாகவே சுத்தம் செய்யும்.

ஒரு நாளில் 8 மணி நேரம் தூங்குகிறோம். குழந்தை 10 மணி நேரம் தூங்குகிறது. அந்த அறை ஒன்றைச் சுத்தமான அறையாக ஆக்கிக்கொண்டால் பாதிக் காரியம் முடிந்தது.

கடைக்குப் போனால்...

எந்திரம் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

"ஹெப்பா" என்று இருக்கிறதா, "ஹெப்பா வகை" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்று இல்லை.

சி.ஏ.டி.ஆர். எண், எந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது கிடைக்கும் அளவு. முழு வேகத்தில் இரைச்சல் அதிகம். இரவில் வேகத்தைக் குறைப்போம். அப்போது பலனும் குறையும். ஆகவே, கணக்குக்கு மேல் சற்றுப் பெரிய எந்திரமாக வாங்கினால், மெதுவாக ஓடவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

மாற்று வடிகட்டி என்ன விலை, கடலூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். பெரும்பாலான வடிகட்டிகளை 6 மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். எந்திரத்தை வாங்கிவிட்டு வடிகட்டிக்கு அலைவது, மாட்டை வாங்கிவிட்டுத் தீவனத்துக்கு அலைவது போல.

கரி எவ்வளவு எடை என்று கேளுங்கள். மெல்லிய பஞ்சுத் தகட்டில் கரித்தூளைத் தூவியிருந்தால், அது சில நாட்களில் நிரம்பிவிடும். நிரம்பிய கரி, பிடித்த வாயுவைத் திரும்பவும் விட்டுவிடக்கூடும். காற்றில் ஈரம் அதிகம் உள்ள கடற்கரை ஊர்களில் கரியின் சக்தி இன்னும் குறையும். அழுகிய முட்டை வாடை தருகிற ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் சாதாரணக் கரி சரியாகப் பிடிப்பதும் இல்லை. சிப்காட் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்.

"ஓசோன் உண்டாக்கிக் காற்றைச் சுத்தம் செய்யும்" என்று சொல்லும் எந்திரம் வேண்டவே வேண்டாம். வானத்தில் இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. வீட்டுக்குள் இருக்கும் ஓசோன் நுரையீரலுக்குப் பகை.

மின்சாரக் கணக்கும் உண்டு. 50 வாட் எந்திரம் இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம். அதில் ஒரு பகுதியை இந்த எந்திரமே விழுங்கிவிடும்.

எப்படி வைப்பது?

முதலில், வடிகட்டியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையை உரித்துவிட்டீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள்! உறையோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

சுவரில் இருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் வைக்கக்கூடாது. கதவு, ஜன்னல்களை மூடுங்கள். கதவின் அடியில் இடைவெளி இருந்தால் துணியைச் சுருட்டி வையுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஓடவிடுங்கள். மின்விசிறி சுற்றலாம். ஏ.சி.யும் ஓடலாம்.

முன்பக்கத்துத் தூசி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஹெப்பா தாளைத் தண்ணீரில் கழுவக்கூடாது. கழுவினால் இழைகள் கெட்டுவிடும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து, சுத்தம் செய்ய வந்த எந்திரமே நாற்றம் வீசும்.

மூடிய அறையில் நாம் விடும் மூச்சு சேர்ந்துகொண்டே போகும். எந்த வடிகட்டியும் அதைப் போக்காது. ஆகவே, வெளிக்காற்று நன்றாக இருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வெளிக்காற்றை வடிகட்டி, குழாய் வழியாக அறைகளுக்குள் தள்ளும் எந்திரம் இருக்கிறது. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுவதால், வெளித்தூசி சந்து பொந்துகள் வழியாக நுழையாது. இதற்குக் குழாய் போகும் வழியைக் கட்டுமானத்தின்போதே என்ஜினீயரிடம் சொல்லிவிட வேண்டும். காற்று எடுக்கும் வாய், கழிவறைக் குழாய், சமையல் புகை, ஜெனரேட்டர் மூன்றுக்கும் எட்டத்தில் இருக்கவேண்டும்.

பாட்டி வீட்டுப் பாடம்

பாட்டி சொன்னதைக் கவனிப்போம். சிதம்பரத்துப் பழைய வீடுகளில் திண்ணை, நடை, முற்றம், கொல்லைப்புறம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாசலில் நுழைந்த காற்று கொல்லையில் வெளியேறும். முற்றத்தின் வழியே சூடான காற்று மேலே போய்விடும். இதைவிடச் சிக்கனமான எந்திரம் இல்லை.

ஆனால் அதே வீட்டு அடுப்படியில் விறகுப் புகை சூழ்ந்திருந்தது. அந்தப் புகையில் இருமி இருமி மூச்சுக்கோளாறு வாங்கிக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் வீட்டு அடுப்புப் புகையால் இறந்தார்கள்.

இன்றும் வீட்டுக்குள்ளேயே நாம் புகையை உண்டாக்குகிறோம். ஒரு கொசுவர்த்திச் சுருளில் இருந்து வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளில் இருந்து வருவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. மூடிய அறையில் கொசுவர்த்தியையும் ஏற்றி, காற்றுச் சுத்திகரிப்பு எந்திரத்தையும் ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல!

ஆகவே, பணம் செலவழிக்குமுன் இவற்றைச் செய்யுங்கள். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது. சாம்பிராணி போட்டால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாளிக்கும்போது புகையை வெளியே தள்ளும் மின்விசிறியைப் போடுங்கள். பெருக்குவதற்குமுன் தண்ணீர் தெளியுங்கள். அல்லது ஈரத்துணியால் துடையுங்கள்.

செடி வளர்த்தால் காற்று சுத்தமாகுமா? 1989-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, மூடிய பெட்டிக்குள் செடிகளை வைத்துச் சோதித்தது. அதில் இருந்து இந்த நம்பிக்கை பரவியது. ஆனால் காற்று வந்து போகும் வீட்டுக்கு அது பொருந்தாது. ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்று 2019-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். செடி வளருங்கள், அழகுக்கு!

ஓர் எச்சரிக்கை. சமையல் வாயு கசிந்த வாடை வந்தால் எந்திரத்தைப் போடாதீர்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இன்னும் ஒன்று: எந்திரம் வந்துவிட்டது என்று, டாக்டர் கொடுத்த இளைப்பு மருந்தை நிறுத்தக்கூடாது.

வாளி சொல்லும் செய்தி

இப்போது அந்த முதுநகர் வீட்டுக்குத் திரும்புவோம். அவர்கள் செய்ய வேண்டியது என்ன?

வீடு முழுவதற்கும் ஆசைப்படாமல், குழந்தை படுக்கும் அறைக்குக் கணக்குப் போட்டு ஒரு நல்ல எந்திரம் வாங்கலாம். கொசுவர்த்தியை நிறுத்தலாம். தூசியாலும் புகையாலும் வரும் இளைப்பு குறைய வழி உண்டு.

ஆனால் தொழிற்சாலை வாயு? அதைப் பிடிக்க அந்தப் பெட்டியில் உள்ள கைப்பிடிக் கரியால் முடியாது. முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், குழந்தை நாள் முழுவதும் அறைக்குள் இருக்குமா? பள்ளிக்கூடம் போகவேண்டும். தெருவில் விளையாடவேண்டும். உப்பனாற்றில் மீன் பிடிப்பவரும், வயலில் களை எடுப்பவரும் எந்த எந்திரத்தைச் சுமந்துகொண்டு போவார்கள்?

வாயுவைத் தடுக்க வேண்டிய இடம் ஆலையின் புகைபோக்கி. அங்கே வடிகட்டியைப் பொருத்துவது ஆலையின் கடமை. பொருத்தினார்களா, ஓட்டுகிறார்களா என்று பார்ப்பது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. வாடை வந்தால் சொல்வது மக்களின் கடமை.

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், என்ன வாடை, காற்று எந்தத் திசை, யாருக்கு என்ன செய்தது என்று எழுதி வையுங்கள். அக்கம் பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுதட்டும். அதைக் கொண்டுபோய் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். அதே நோட்டு, எந்த நேரத்தில் ஜன்னலைத் திறக்கலாம், எப்போது மூடவேண்டும் என்பதையும் உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

2004-ல் சிப்காட் ஊர்க்காரர்கள் செய்தது இதைத்தான். அவர்களில் யாரும் விஞ்ஞானி இல்லை. மூக்கும், நோட்டும், வாளியும்தான் அவர்களிடம் இருந்தன.

ஒரு எந்திரம் ஒரு அறைக்குக் காவல். ஒரு நோட்டுப் புத்தகம் ஊருக்கே காவல்!